எல்லாக் கட்சிகளும் ‘ஆம்’ என்றபோது

இந்த உரைக்கு அழைத்தபோது, "இலக்கியக் கூட்டத்தில் ஒரு நர்ஸ் என்ன பேசுவது?" என்றுதான் முதலில் கேட்டேன். "நீங்கள் வாழும் நாட்டின் வரலாற்றில் உங்களைத் தொட்ட ஒன்றைச் சொல்லுங்கள், அது போதும்" என்றார்கள். நான் நாகர்கோவில் பக்கம் பிறந்தவள். செவிலியர் பட்டயப் படிப்பு முடித்து, சென்னையில் சில காலம் வேலை பார்த்துவிட்டு, 2006 தொடக்கத்தில் அயர்லாந்து வந்தேன். வரலாறு முறையாகப் படித்தவள் அல்ல. அதனால் எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து, ஒரு குழந்தையின் குதிகாலிலிருந்து, தொடங்குகிறேன்.

2010 வசந்த காலத்தில் என் மகன் பிறந்தான். நான்காம் நாள் பொதுச் சுகாதாரச் செவிலியர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். இங்கே பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் மூன்று முதல் ஐந்து நாளுக்குள் குதிகாலில் சிறிதாகக் குத்தி, சில சொட்டு இரத்தத்தை ஓர் அட்டையில் ஒற்றி, டப்ளினில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அவர் அட்டையை எடுத்து, சோதனை எதற்கு என்று விளக்க ஆரம்பித்தார். "நானும் நர்ஸ்தான், எல்லாம் தெரியும், செய்யுங்கள்" என்றேன். அவர் சிரித்தார். "தெரிந்திருக்கலாம். இருந்தாலும் நான் சொல்ல வேண்டும், நீங்கள் கேட்க வேண்டும். இந்த ஊசிக்காக இந்த நாட்டில் ஒரு வழக்கு உச்சநீதிமன்றம் வரை போயிருக்கிறது" என்றார். முழுக்கச் சொல்லி முடித்த பிறகுதான் குழந்தையின் காலைத் தொட்டார்.

அந்த வழக்கைத் தேடிப் போனபோதுதான், குழந்தைகளுக்காக ஒரு நாடு தன் அரசியலமைப்பை மாற்ற ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பட்ட பாடு எனக்குத் தெரிய வந்தது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். நம் ஊரில் அரசியலமைப்பை நாடாளுமன்றமே திருத்திவிடலாம். கல்வியை அடிப்படை உரிமையாக்கிய 86ஆம் திருத்தம் 2002இல் அப்படித்தான் வந்தது. அயர்லாந்தில் அது நடக்காது. ஒரு சொல்லை மாற்றுவதானாலும் மக்களிடம் வாக்கெடுக்க வேண்டும். 1937 ஜூலையில் மக்கள் வாக்களித்து ஏற்ற அரசியலமைப்பு அது. எமன் டி வலேராவின் கைப்பட்டது. கத்தோலிக்கச் சமூகச் சிந்தனையின் செல்வாக்கு அதில் ஆழமாக உண்டு. அதன் 41ஆம் பிரிவு குடும்பத்தைச் சமூகத்தின் இயற்கையான, முதன்மையான அடிப்படை அலகு என்கிறது. சட்டங்களுக்கெல்லாம் முந்திய உரிமைகள் குடும்பத்துக்கு உண்டு என்கிறது. குடும்பம் என்றால் திருமணத்தால் அமைந்த குடும்பம் என்றுதான் நீதிமன்றங்கள் பொருள் கொண்டன. குழந்தையின் உரிமை என்ற சொற்களும் இல்லாமல் இல்லை. பெற்றோர் கடமை தவறும் அசாதாரணச் சூழ்நிலையில் அரசு அவர்கள் இடத்தை நிரப்ப முயல வேண்டும் என்று 42ஆம் பிரிவின் கடைசி உட்பிரிவு சொன்னது. அந்த வாக்கியத்தின் வாலில், குழந்தையின் உரிமைகளைக் கருத்தில் கொண்டு, என்று ஒரு சொற்றொடர் தொங்கிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ அவ்வளவுதான்.

அந்த வால் எவ்வளவு மெலிந்தது என்பதை மூன்று வழக்குகள் காட்டின.

முதலாவது 1993இல் வெளிவந்தது. கில்கென்னி மாவட்டத்தில் ஒரு தந்தை தன் மகளைப் பதினைந்து ஆண்டுகள் பாலியல் வதைக்கு உள்ளாக்கியிருந்தார். அந்தப் பெண் காயங்களோடு மருத்துவமனைகளுக்குப் பலமுறை போயிருக்கிறாள். மருத்துவர்கள், செவிலியர்கள், சுகாதார வாரியத்து ஊழியர்கள் எனப் பலர் அவளைப் பார்த்திருக்கிறார்கள். கட்டுப் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். செவிலியராக அந்த விவரங்களை வாசிப்பது எளிதாக இல்லை. அன்று பணியில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்ற கேள்வி எந்தப் பக்கத்திலும் விடவில்லை. விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் கேத்தரின் மக்கின்னஸ் என்ற வழக்கறிஞர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வரும். குடும்பத்தின் உரிமைக்கு அரசியலமைப்பு தரும் அழுத்தத்தை, பிள்ளையின் உரிமையைவிடப் பெற்றோரின் உரிமை உயர்ந்தது என்று புரிந்துகொள்ள இடம் இருக்கிறது, ஆகவே திருத்தம் பற்றி யோசிக்க வேண்டும் என்று அந்த அறிக்கை பரிந்துரைத்தது. 1996இல் அரசியலமைப்பு மறுஆய்வுக் குழுவும் குழந்தைகளின் உரிமைகளை வெளிப்படையாக எழுதச் சொன்னது. இரண்டும் அலமாரிக்குப் போயின.

இரண்டாவது, அந்த ஊசி வழக்கு. குதிகால் சோதனை கண்டுபிடிக்கும் நோய்களில் ஒன்று பி.கே.யூ. புரதத்தில் உள்ள ஒரு பொருளை உடலால் சிதைக்க முடியாமல், அது தேங்கி மூளையைக் கெடுக்கும். முதல் வாரங்களிலேயே தெரிந்துவிட்டால் தனி உணவுமுறை போதும், குழந்தை மற்ற பிள்ளைகளைப் போலவே வளரும். தெரியாமல் விட்டால் மீட்க முடியாது. அயர்லாந்தில் இந்நோய் மற்ற பல நாடுகளைவிடக் கூடுதல் என்பதால் 1966லேயே நாடு முழுவதும் சோதனை தொடங்கிவிட்டது. ஒரு தம்பதி தங்கள் குழந்தையின் இரத்தக் குழாயைக் குத்துவது தங்கள் நம்பிக்கைக்கு விரோதம் என்று மறுத்தார்கள். முடியிலோ சிறுநீரிலோ சோதித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அது போதாது என்று சுகாதார வாரியம் நீதிமன்றம் போனது. 2001 நவம்பரில் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர் பெற்றோர் பக்கம் நின்றார்கள். தலைமை நீதிபதி கீன் மட்டும் மாறுபட்டார். பெற்றோர் எடுத்தது அறிவில்லாத முடிவாகவே இருக்கலாம், ஆனால் அதற்காக அரசு உள்ளே வர முடியாது, அதற்கு அசாதாரணச் சூழ்நிலை வேண்டும் என்பது பெரும்பான்மையின் கருத்து. இந்தத் தீர்ப்பைப் பற்றி எனக்குள் இரண்டு பேர் இன்றும் சண்டை போடுகிறார்கள். நர்ஸ் தலையில் அடித்துக்கொள்கிறாள். அம்மா, "நாளைக்கு வேறு எதற்காவது வீட்டுக்குள் வந்தால்?" என்கிறாள்.

மூன்றாவது, நீதிமன்றம் ‘ஆன்’ என்று பெயரிட்டு அழைத்த குழந்தையின் வழக்கு. 2004 ஜூலையில் பிறந்தவள். பெற்றோர் மாணவர்கள், திருமணம் ஆகாதவர்கள். தத்துக் கொடுக்க முடிவு செய்தார்கள். குழந்தை சில மாதங்களில் வேறொரு தம்பதியிடம் போனது. பிறகு பெற்றவர்களின் மனம் மாறியது. 2006 ஜனவரியில் அவர்கள் திருமணம் செய்துகொண்டார்கள். திருமணம் ஆன கணத்திலேயே அரசியலமைப்பு சொல்லும் குடும்பம் ஆகிவிட்டார்கள். இரண்டு வயதுக் குழந்தைக்கு அம்மா என்றால் வளர்த்தவள்தான். ஆனால் வலுவான காரணம் காட்டப்படாவிட்டால் திருமணமான பெற்றோரிடம் இருப்பதே குழந்தைக்கு நல்லது என்று கொள்ள வேண்டும் என்பது சட்டம். 2006 நவம்பரில் உச்சநீதிமன்றம் குழந்தையைப் பெற்றவர்களிடம் திருப்பித் தரச் சொன்னது. தீர்ப்பளித்த நீதிபதிகளில் ஒருவர் கேத்தரின் மக்கின்னஸ். 1993இல் அரசியலமைப்பை மாற்றச் சொன்ன அதே பெண், பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, மாறாத அந்த அரசியலமைப்பின்படி தீர்ப்புச் சொல்ல வேண்டியதாயிற்று. தயக்கத்தோடும் வருத்தத்தோடும்தான் இதற்கு உடன்படுகிறேன் என்று தீர்ப்பிலேயே எழுதினார். கில்கென்னி அறிக்கையில் தான் சொன்னதையும் அங்கே நினைவுபடுத்தினார்.

இந்த மூன்று வழக்குகளையும் கேட்டால், திருத்தம் வேண்டும் என்பதில் யாருக்கு ஐயம் வரும் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் நான் அப்போது வேலை பார்த்த முதியோர் இல்லத்தில் ஒரு பெரியவர் இருந்தார்.

நம் ஊரில் நர்ஸை ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் முதல் வாரம் அவரிடம், "நான்தான் இன்றைக்கு உங்கள் சிஸ்டர்" என்றேன். அவர் முகம் இறுகிவிட்டது. "அந்தச் சொல்லை என்னிடம் சொல்லாதே. உன் பெயரைச் சொல்" என்றார். ஞாயிறுதோறும் பாதிரியார் நற்கருணை கொண்டுவருவார். பெரியவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். கோபக்காரர் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

2009 மே 20ஆம் தேதி ரயன் அறிக்கை வெளிவந்தது. ஐந்து தொகுதிகள். இங்கே ‘தொழிற்பள்ளிகள்’ என்று சுமார் ஐம்பது இடங்கள் இருந்தன. பெயரில்தான் பள்ளி. 1908ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிபதி உத்தரவிட, குழந்தைகள் அங்கே அனுப்பப்பட்டார்கள். பெரும்பாலும் குற்றம் செய்தவர்கள் அல்ல. தாயோ தந்தையோ இறந்தவர்கள், வறுமைப்பட்டவர்கள். அரசு தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தது. துறவற சபைகள் நடத்தின. லெட்டர்ஃபிராக், கோல்டன்பிரிட்ஜ் என்ற பெயர்களைச் சொன்னால் இன்றும் அயர்லாந்துக்காரர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அடி, பட்டினி, பாலியல் கொடுமை எல்லாவற்றையும் பற்றி ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆணையத்திடம் சொன்னார்கள். அன்று மாலை பொதுக் கூடத்துத் தொலைக்காட்சியில் செய்தி ஓடியபோது பெரியவர் என்னிடம் சொன்னது இரண்டே வாக்கியம்: "எனக்கு ஆறு வயது. அப்பா செத்துப் போயிருந்தார்."

நான் கன்னியர் விடுதியில் வளர்ந்து படித்தவள். என்னை நர்ஸாக்கியது ஒரு கன்னிகாஸ்திரீயின் கைதான். அந்தக் கையை நான் இன்றும் மறக்கவில்லை. அறிக்கையை வாசித்த அந்த வாரம் ஜெபத்துக்கு உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. எங்கள் திருச்சபை, எங்கள் சிலுவை என்று ஒதுங்கி நின்று வருத்தப்படவும் முடியவில்லை, விட்டு விலகவும் முடியவில்லை. அதைச் சொல்லாமல் இந்த வரலாற்றை நான் சொல்ல முடியாது.

இனி அரசியலுக்கு வருவோம். 2007 தொடக்கத்தில் ஃபியனா ஃபால் கட்சியின் பிரையன் லெனிகன் குழந்தைகள் நலத்துக்கான அமைச்சராக ஒரு திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். வாசகத்தில் உடன்பாடு வரவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் எல்லாக் கட்சிகளையும் சேர்த்து ஒரு நாடாளுமன்றக் குழு அமைத்தார்கள். தலைவர் மேரி ஓ’ரூர்க், ஃபியனா ஃபால். ஃபினா கேல் கட்சியின் ஆலன் ஷாட்டர், தொழிற்கட்சியின் பிரெண்டன் ஹவ்லின், சின் ஃபெய்னின் கீவின் ஓ கீலான் எல்லாரும் ஒரே மேசையில். வேறு எதிலும் ஒத்துப்போகாதவர்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்து 2010 பிப்ரவரியில் ஒருமித்த வாசகம் ஒன்றைத் தந்தார்கள். அயர்லாந்தின் அரசியலில் அது சிறிய காரியம் அல்ல.

ஆனால் அதற்குள் நாடு கடனில் மூழ்கிவிட்டது. 2010 இறுதியில் பன்னாட்டு நிதியமும் ஐரோப்பிய ஒன்றியமும் கைகொடுக்க வேண்டியதாயிற்று. 2011 தேர்தலில் ஃபியனா ஃபால் நொறுங்கியது. ஃபினா கேலும் தொழிற்கட்சியும் சேர்ந்து ஆட்சி அமைத்தன. பிரதமர் எண்டா கென்னி குழந்தைகளுக்கென்று முழு அமைச்சரவைத் தகுதியோடு ஒரு துறையை உருவாக்கி ஃபிரான்சஸ் ஃபிட்ஸ்ஜெரால்டிடம் கொடுத்தார். 2012 செப்டம்பரில் புதிய வாசகம் வந்தது. ஆட்சி போன ஃபியனா ஃபாலும் ஆதரித்தது. சின் ஃபெய்னும் ஆதரித்தது. குழந்தைகள் நல அமைப்புகள் ஆதரித்தன. நீதிபதி பதவியிலிருந்து ஓய்வுபெற்றிருந்த கேத்தரின் மக்கின்னஸும் களத்துக்கு வந்து ஆதரவு கேட்டார்.

வாசகம் என்ன சொன்னது? 42அ என்று புதிய பிரிவு. எல்லாக் குழந்தைகளுக்கும் இயல்பான, பறிக்க முடியாத உரிமைகள் உண்டு, அரசு இயன்றவரை தன் சட்டங்களால் அவற்றைக் காக்க வேண்டும். பெற்றோர் திருமணம் ஆனவர்களா இல்லையா என்பது கணக்கில் வராது. குழந்தையின் பாதுகாப்போ நலனோ கெடும் அளவுக்குப் பெற்றோர் தவறினால் மட்டும், அசாதாரணச் சூழ்நிலையில் மட்டும், சட்டத்தில் சொன்ன, அளவான வழியில் அரசு தலையிடலாம். திருமணமான பெற்றோரின் பிள்ளைகளையும் தத்துக் கொடுக்க வழி இருக்க வேண்டும். பாதுகாப்பு, தத்து, பராமரிப்பு வழக்குகளில் குழந்தையின் நலனே முதன்மை. தன் கருத்தைச் சொல்லும் வயதுள்ள குழந்தை சொல்வதைக் கேட்க வேண்டும்.

‘எல்லாக் குழந்தைகளுக்கும்’ என்ற இடத்தில் நான் நின்றேன். 2004 ஜூனில் இதே மக்கள் இதே அரசியலமைப்பை வேறொரு காரியத்துக்காகத் திருத்தியிருந்தார்கள். அதுவரை இந்த மண்ணில் பிறந்தாலே குடியுரிமை. அதன் பிறகு, வெளிநாட்டுப் பெற்றோருக்குப் பிறக்கும் பிள்ளைக்கு அது தானாக வராது. 79 விழுக்காட்டினர் அதற்கு ‘ஆம்’ என்றார்கள். நாங்கள் மகன் பிறப்பதற்கு முன் மூன்று ஆண்டுகள் இங்கே தங்கியிருந்ததால் அவனுக்குக் குடியுரிமை கிடைத்தது. நான் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தேன். வாக்கெடுப்பில் குடிமக்கள் மட்டுமே வாக்களிக்கலாம். என் இரண்டு வயது மகனின் உரிமைகளைப் பற்றி நாடே வாக்களிக்கப் போகிறது, எனக்கு வாக்கு இல்லை. அதனாலேயே மற்றவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டேன்.

யாரும் பேசவில்லை. அதுதான் நான் கண்டது. விளக்குக் கம்பங்களில் எல்லாக் கட்சிகளின் தட்டிகளும் ‘ஆம்’ என்றன. தேநீர் இடைவேளையில் கேட்டால், "குழந்தைகளுக்கு நல்லதுதானே, ஜெயித்துவிடும்" என்பார்கள். வானொலி விவாதத்தில் இரு தரப்பையும் சமமாக நிறுத்த வேண்டும். எல்லாப் பெரிய கட்சிகளும் ஒரு பக்கம் இருக்க, எதிர்ப் பக்கத்துக்கு ஜான் வாட்டர்ஸ் என்ற பத்திரிகையாளர், கேத்தி சினட் என்ற முன்னாள் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர் என்று விரல்விட்டு எண்ணும் சிலரே இருந்தார்கள். அரசு கைக்கு அதிகாரம் போகிறது என்ற அவர்களின் அச்சத்துக்கு, குழந்தைகளின் மேல் அக்கறை இல்லாதவர்கள் என்பது போன்ற பதில்தான் பெரும்பாலும் கிடைத்தது.

வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, நவம்பர் 8ஆம் தேதி, உச்சநீதிமன்றம் ஓர் இடி இறக்கியது. வாக்கெடுப்பில் ஒரு பக்கத்தை வெல்லவைக்க அரசு பொதுப்பணத்தைச் செலவிடக் கூடாது என்பது 1995ஆம் ஆண்டு மெக்கென்னா தீர்ப்பு. இம்முறை அரசு 11 லட்சம் யூரோ செலவில் வெளியிட்ட கையேடும் இணையதளமும் நடுநிலையாக இல்லை என்று மெக்கிரிஸ்டல் என்ற குடிமகன் தொடுத்த வழக்கில் நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். வெல்லப்போகிற ஆட்டத்தில் எதற்கு இப்படி ஒரு தவறு? எதிராளியே இல்லை என்று நினைத்தால் விதிகளை யாரும் கவனிப்பதில்லை.

நவம்பர் 10, சனிக்கிழமை வாக்கெடுப்பு. வாக்களிக்க வந்தவர்கள் 33.5 விழுக்காடு. மூன்று பேரில் ஒருவர். ‘ஆம்’ 58, ‘இல்லை’ 42. டொனிகோலின் இரண்டு தொகுதிகளும் நிராகரித்தன. எல்லாக் கட்சிகளும் ஆதரித்த ஒன்றை, வந்தவர்களில் ஐந்தில் இரண்டு பேர் மறுத்திருந்தார்கள். மூன்றில் இருவர் வரவே இல்லை. ஒப்புக்குப் பாருங்கள்: கட்சிகள் பிரிந்து நின்று மோதிய 2004 குடியுரிமை வாக்கெடுப்பில் ஏறத்தாழ 60 விழுக்காடு வந்திருந்தார்கள்.

பத்திரிகைகள் காரணம் தேடின. அரசின் மேல் கோபம், சிக்கன நடவடிக்கை, நீதிமன்றத் தீர்ப்பு எனப் பல சொன்னார்கள். எனக்கு முதியோர் இல்லத்தில் கிடைத்த காரணத்தைச் சொல்கிறேன்.

வாக்குச்சாவடிக்குப் போக முடியாதவர்களுக்கு, வாக்கெடுப்புக்குச் சில நாள் முன்பே ஓர் அதிகாரி வாக்குச்சீட்டோடு இல்லத்துக்கே வருவார். துணைக்கு ஒரு காவலரும் வர வேண்டும் என்பது சட்டம். பெரியவர் அன்று கோட்டுப் போடச் சொன்னார். பொத்தானைப் போட்டுவிட்டேன். சீருடையில் காவலர் வாசலில் நின்றதும் அவர் கை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. எல்லாம் முடிந்து அவர்கள் போன பிறகு, கேட்கக் கூடாததைக் கேட்டேன். எந்தப் பக்கம் போட்டீர்கள் என்றேன். அவர் அதைச் சொல்லவில்லை. "என்னைக் கொண்டுபோன அன்றைக்கும் எல்லாரும் ஒத்துப்போனார்கள். நீதிபதி, பாதிரியார், காவலர். எல்லாரும் என் நல்லதுக்குத்தான் என்றார்கள். எங்களை மட்டும்தான் யாரும் கேட்கவில்லை" என்றார்.

கில்கென்னிப் பெண்ணை அரசு எட்டிப் பார்க்காமல் விட்டது. இந்தப் பெரியவரை அரசு கையைப் பிடித்து இழுத்துப் போனது. இரண்டும் ஒரே நாட்டில், ஒரே அரசியலமைப்பின் கீழ் நடந்தவை. முதலாவதைப் பார்த்தவர்கள் ‘ஆம்’ என்றார்கள். இரண்டாவதை அனுபவித்தவர்கள் தயங்கினார்கள். தயங்க அண்மைக் காரணமும் இருந்தது. 2012 ஜூனில் வெளியான ஓர் அறிக்கை, 2000 முதல் 2010 வரை அரசின் பராமரிப்பிலோ பார்வையிலோ இருந்த 196 குழந்தைகளும் இளையோரும் இறந்ததை ஆராய்ந்திருந்தது. அவற்றுள் 112 இயற்கையான மரணங்கள் அல்ல. இப்படிப்பட்ட அரசிடம் இன்னும் அதிகாரம் கொடுப்பதா என்று ஒரு தாய் கேட்டால் அவள் பிள்ளைகளின் எதிரி அல்ல. வாக்கெடுப்பு முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் முதல் இரண்டு குழந்தைகளுக்குத் தலா மாதம் தந்துவந்த 140 யூரோ உதவித்தொகையில் 10 யூரோவைக் குறைத்தார்கள். என் சக ஊழியர் ஒருத்தி, "குழந்தைகளை அரசியலமைப்பில் சேர்த்துவிட்டு, கணக்கில் கழித்துவிட்டார்கள்" என்று சிரித்தாள்.

அந்தப் பெரியவரின் அச்சத்துக்குப் பதில் வாசகத்திலேயே இருந்தது என்பதுதான் இதில் எனக்கு வலிப்பது. ‘அசாதாரணச் சூழ்நிலை’, ‘அளவான வழி’, ‘குழந்தை சொல்வதைக் கேட்க வேண்டும்’ என்ற சொற்கள் அவரைப் போன்றவர்களுக்காகவே எழுதப்பட்டவை. அவருக்கு அதை யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை. கட்சிகளுக்குள் உடன்பாடு வந்துவிட்டதால், மக்களோடு பேச வேண்டிய வேலையும் முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள்.

இதற்கு மாறான உதாரணமும் உண்டு. 2015 மே மாதம், ஒரே பாலினத்தவர் திருமணம் குறித்த வாக்கெடுப்பு. அப்போதும் எல்லாப் பெரிய கட்சிகளும் ‘ஆம்’ என்றன. ஆனால் வாக்களித்தவர்கள் 60 விழுக்காட்டுக்கு மேல், ‘ஆம்’ 62. அதற்கு முன்பே பொதுமக்களும் அமர்ந்த அரசியலமைப்பு மாநாடு அதை விவாதித்திருந்தது. பிள்ளைகள் பெற்றோரிடமும் பாட்டியிடமும் வீடு வீடாகப் பேசினார்கள். திருச்சபையில் எங்களுக்குள் கடுமையாக வாதாடிக்கொண்டோம். அது வேறு கதை. ஆனால் யாரும் "ஜெயித்துவிடும்" என்று வீட்டில் இருக்கவில்லை. ஆகவே கட்சிகள் ஒத்துப்போவது தவறு என்று நான் சொல்லவில்லை. அது வேலையின் முதல் பாதி.

2012 முடிவு உடனே நடைமுறைக்கும் வரவில்லை. அரசின் கையேடு வாக்காளர்களைத் திசைதிருப்பியது, முடிவு செல்லாது என்று ஒரு பெண்மணி வழக்குப் போட்டார். 2015 ஏப்ரலில்தான் உச்சநீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. அதே மாதம் 28ஆம் தேதி குடியரசுத் தலைவர் மைக்கேல் டி. ஹிகின்ஸ் கையொப்பமிட்டார். அந்தக் கையேட்டின் விலை பணம் மட்டும் அல்ல, இரண்டரை ஆண்டுகளும்கூட.

பிறகு சட்டங்கள் வந்தன. 2017ஆம் ஆண்டின் தத்துச் சட்டத்தால், பெற்றோர் திருமணமானவர்கள் என்ற ஒரே காரணத்தால் வளர்ப்பு வீட்டில் நிலையில்லாமல் இருந்த பிள்ளைகளுக்கு, மூன்று ஆண்டுகள் பெற்றோர் தவறியது நிறுவப்பட்டால், சட்டப்படி ஒரு குடும்பம் கிடைக்க வழி பிறந்தது. அதே ஆண்டு டிசம்பர் முதல், ஒரு குழந்தைக்குத் தீங்கு நடப்பதாக நியாயமான ஐயம் எழுந்தால் தெரிவித்தே ஆக வேண்டும் என்ற சட்டக் கடமை எங்களைப் போன்ற செவிலியர்களுக்கும் வந்தது. கில்கென்னிப் பெண்ணுக்குக் கட்டுப்போட்டு அனுப்பிய அந்தக் காலம் சட்டத்தின் பார்வையில் முடிந்தது. ஒருமுறை நானும் அப்படி ஒரு படிவத்தை நிரப்பியிருக்கிறேன். கை நடுங்கியது. ஒரு பக்கம் அந்தப் பெண்ணும் மறுபக்கம் பெரியவரும் நின்று பார்ப்பது போலிருந்தது. இருவரும் அங்கே நின்றது நல்லதுதான்.

நான் குடியுரிமை பெற்று வாக்களித்த வாக்கெடுப்புகளில் ஒன்று 2024 மார்ச் 8ஆம் தேதி நடந்தது. மறுபடியும் அதே 41ஆம் பிரிவு. குடும்பத்தின் பொருளைத் திருமணத்துக்கு வெளியேயும் விரிக்க ஒரு கேள்வி, வீட்டில் பெண்ணின் கடமை பற்றிய பழைய வாசகத்தை எடுத்துவிட்டுப் பராமரிப்பு பற்றி எழுத இன்னொரு கேள்வி. ஆளுங்கட்சிகளும் பெரிய எதிர்க்கட்சிகளும் ‘ஆம்’ என்றன. முதலாவதை 67.7 விழுக்காட்டினரும் இரண்டாவதை 73.9 விழுக்காட்டினரும் நிராகரித்தார்கள். மறுநாள் தலைவர்கள் திகைத்து நின்றதைப் பார்த்தபோது 2012தான் நினைவுக்கு வந்தது. 42 விழுக்காடு அன்றைக்கே ஒரு சேதி சொல்லியிருந்தது. ஜெயித்தவர்கள் தோல்வியைப் போல வெற்றியைப் படிப்பதில்லை.

இப்போது நான் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் வேலை செய்கிறேன். குதிகாலில் ஊசி குத்துவது என் வேலைகளில் ஒன்று. எனக்குக் கவலை தருபவர்கள் கேள்வி கேட்கும் பெற்றோர் அல்ல. எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர்கள்தான். நம்மவர்கள் அதில் கெட்டிக்காரர்கள். "சரிங்க சிஸ்டர், செய்யுங்க" என்பார்கள். அப்போது நான் அட்டையைக் கீழே வைத்துவிட்டு, "எதற்காக இந்தச் சோதனை என்று உங்கள் வார்த்தையில் ஒருமுறை சொல்லுங்கள்" என்பேன். சொல்வார்கள், பாதி தவறாக. மீண்டும் விளக்குவேன். இரண்டு நிமிடம் கூடுதலாகும். அந்த இரண்டு நிமிடம் இல்லாமல் வாங்கும் சம்மதத்துக்கு, பிறகு எப்போதோ யாரோ விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

பெரியவர் அடுத்த ஆண்டே காலமானார். கடைசிவரை எந்தப் பக்கம் வாக்களித்தார் என்று சொல்லவில்லை. அவருடைய கோட்டின் பொத்தான்களைப் போட்டுவிட்ட அந்தக் காலையில், வாக்குச்சீட்டின் வாசகத்தை அவருக்கு வாசித்து, ஒவ்வொரு சொல்லாக விளக்க எனக்குப் பத்து நிமிடம் இருந்தது. வாக்கில்லாதவள் இதில் ஏன் பேச வேண்டும் என்று நான் சும்மா இருந்துவிட்டேன்.